கறார் அக்கா போட்ட பூஜ்யங்கள்

அலுவலகத்தில் அவளுக்குக் கறார் அக்கா என்று பெயர். முகத்துக்கு நேரே வெறும் அக்கா. அவள் எழுந்து தண்ணீர் குடிக்கப் போனதும் முன்னால் கறார் வந்து ஒட்டிக்கொள்ளும். அது அவளுக்கும் தெரியும். தெரிந்தும் ஒருநாளும் அவள் மனம் நோகவில்லை. அதைக் கேலி என்று அவள் எடுத்துக்கொள்ளவே இல்லை. அந்த வேலைக்கு வேண்டிய முதல் தகுதியே அதுதான் என்று நினைத்திருந்தாள்.

அவள் பார்த்த வேலையை வெளியாள் ஒருவருக்கு விளக்குவதற்குள் வாய் வலித்துவிடும். உலகம் முழுக்க வெளியாகும் மருத்துவ ஆராய்ச்சி இதழ்களின் கட்டுரைகளைக் கணினியில் சேர்த்துவைத்து, தேடுகிறவர்களுக்கு எடுத்துக் கொடுக்கும் நிறுவனம் அது. டாக்டர்களும் மாணவர்களும் கட்டணம் கட்டிச் சேர்ந்திருந்தார்கள். "முழங்கால் வீக்கம்" என்று ஒருவர் தட்டினால் ஆயிரக்கணக்கில் கட்டுரைகள் வந்து கொட்டும். எது முதலில் நிற்க வேண்டும், எது கடைசியில் கிடக்க வேண்டும் என்பதை ஒரு மென்பொருள் தீர்மானிக்கும். அந்த மென்பொருள் ஒழுங்காகத் தீர்மானிக்கிறதா என்று பார்க்க மனிதர்கள் வேண்டும். அந்த மனிதர்களில் ஒருத்திதான் அவள்.

திரையின் மேல்பகுதியில் யாரோ எப்போதோ தேடிய ஒரு கேள்வி வரும். கீழே ஒரு கட்டுரை வரும். கேள்விக்கும் கட்டுரைக்கும் பொருத்தம் எப்படி என்று மார்க் போட வேண்டும். கச்சிதமாகப் பொருந்தினால் மூன்று, ஓரளவு என்றால் இரண்டு, ஏதோ ஒட்டிக்கொண்டிருக்கிறது என்றால் ஒன்று, சம்பந்தமே இல்லை என்றால் பூஜ்யம். அவ்வளவுதான். அடுத்தது வரும். "எங்கம்மா கல்யாணப் பொருத்தம் பாக்கிற மாதிரி ஒரு வேலை பாக்கிறாங்க, ஆனா கல்யாணம் நடக்காது" என்று அவளுடைய மகள் கல்லூரியில் தோழிகளிடம் சொல்லிவைத்திருந்தாள்.

அவள் விலங்கியலில் முதுகலை முடித்தவள். சில வருடம் தனிப்பயிற்சி நிலையம் ஒன்றில் தவளையின் இதயத்தைப் படம் போட்டுக் காட்டிக்கொண்டிருந்தாள். நிலையம் மூடிய பிறகு இங்கே வந்தாள். வந்தது முதல் இன்றுவரை அவள் மூன்று போட்டது அபூர்வம். கட்டுரை கேள்விக்காகவே பிறந்து வந்ததுபோல் இருந்தால்தான் மூன்று. மற்றதெல்லாம் இரண்டோடு சரி.

ஒவ்வொரு கேள்விக்கும் இரண்டு பேர் தனித்தனியாக மார்க் போடுவார்கள். அவளுக்கு ஜோடி, பக்கத்து நாற்காலிக்காரர். முன்பு மருந்துக்கடையில் வேலை பார்த்ததால் அவரை மருந்துக்கடை என்றே கூப்பிட்டார்கள். தாராள மனசு, யாருக்கும் பூஜ்யம் போட அவருக்குக் கை வராது. "பாவம்க்கா, எழுதினவன் எவ்வளவு கஷ்டப்பட்டிருப்பான்" என்பார். இருவர் மார்க்கும் ஒன்றுக்கு மேல் விலகிப்போனால் அந்தக் கட்டுரை மேற்பார்வையாளரிடம் பஞ்சாயத்துக்குப் போகும். அவர் படித்துவிட்டுச் சொல்வதே தீர்ப்பு. எத்தனை முறை பஞ்சாயத்துக்குப் போனாய், தீர்ப்பு உன் பக்கம் வந்ததா என்பதை வைத்து வருடக் கடைசியில் ஆளை எடை போடுவார்கள். அந்த எடையில் அவள் எப்போதும் முதலிடம். சான்றிதழ்கள் வீட்டு அலமாரியில் துணிகளுக்கு அடியில் இருந்தன. மாட்டிவைக்க ஆணி அடிக்கிறேன் என்று கணவர் சொல்லிக்கொண்டே இருந்தார். அவர் லிப்ட் மெக்கானிக். வீட்டு வேலையை மட்டும் நாளைக்கு என்பார்.

மேற்பார்வையாளர் ஐம்பதைத் தாண்டிய தனிக்கட்டை. சட்டைக் காலர் பொத்தானைக்கூடப் போட்டுக்கொள்பவர். அவரைப் பற்றி அலுவலகத்தில் நல்ல அபிப்பிராயம் இல்லை. ஒரு வருடமாக அவருக்கு கர்வம் தலைக்கேறிவிட்டது என்று பேசிக்கொண்டார்கள். வணக்கம் சொன்னால் திரும்பிப் பார்ப்பதில்லை. சாதாரண விஷயத்தையும் கத்திச் சொல்வார். ஏதாவது கேட்டால் முகத்தைச் சுளித்துக்கொண்டு "என்ன?" என்பார், மறுபடி சொன்னால் மறுபடியும் "என்ன?" மூன்றாவது முறை சொல்ல யாருக்குத் தைரியம் வரும்? ஆனால் எழுத்தில் மட்டும் ஆள் வேறு. சுற்றறிக்கை எதுவானாலும் "தயவுசெய்து" என்று ஆரம்பித்து, கனமான முற்றுப்புள்ளியில் முடிப்பார். கழிப்பறைக் கதவில்கூட "தயவுசெய்து விளக்கை அணைக்கவும்." என்று அவர் கையால்தான் ஒட்டியிருந்தது.

அந்த மாதம் காது, மூக்கு, தொண்டைக் கேள்விகள் வந்தன. ஒரே ஆள் தொடர்ந்து தேடியவை ஒரு கட்டாக வரும், பெயரை எடுத்துவிடுவார்கள். அவள் ஒரு கட்டைப் பிரித்தாள். முதல் கேள்வி: "தயவுசெய்து இடது காதில் அடைப்பு."

தேடல் பெட்டியிடம் தயவுசெய்து சொல்கிற ஒரு ஜீவனை அவள் அன்றுதான் பார்த்தாள். பாவம், வயதானவர் யாராவது இருக்கும் என்று நினைத்துக்கொண்டு கட்டுரைகளைப் பார்த்தாள். முதலில் எலிகளின் காது. இரண்டாவது, தொழிற்சாலை இரைச்சலில் வளர்ந்த எலிகளின் காது. மூன்றாவது திமிங்கிலம். திமிங்கிலத்தின் செவிப்பறை பற்றி அதில் நன்றாக எழுதியிருந்தார்கள். முழுக்கப் படித்துவிட்டுப் பூஜ்யம் போட்டாள்.

அடுத்த கேள்வி: "தயவுசெய்து காது சுத்தம் செய்தும் அடைப்பு போகவில்லை." அதற்கடுத்தது: "தயவுசெய்து இடது காதில் ஓயாத இரைச்சல், வலது காதில் இல்லை." பிறகு: "தயவுசெய்து டெலிபோனை இடது காதில் வைத்தால் குரல் கேட்கிறது, சொல் புரியவில்லை." கடைசியாக: "தயவுசெய்து படி இறங்கும்போது தள்ளாட்டம்."

அவள் கை மவுஸின் மேல் அப்படியே நின்றது. தலையைத் தூக்கிச் சுவரைப் பார்த்தாள். கண்ணாடிச் சட்டம் போட்ட விதிமுறை ஒன்று அங்கே தொங்கியது: "தயவுசெய்து கேள்வி கேட்டவர் யார் என்று யூகிக்க வேண்டாம்."

விதியைப் படித்து முடித்த நொடியில் கேள்வி கேட்டவர் யார் என்று அவளுக்குத் தெரிந்துவிட்டது.

கண்ணாடித் தடுப்புக்கு அப்பால் மேற்பார்வையாளர் போனில் பேசிக்கொண்டிருந்தார். போன் மேசையின் இடது ஓரத்தில் இருந்தது. அவர் அதன் வயரைக் கழுத்துக்குக் குறுக்கே இழுத்து வலது காதில் வைத்திருந்தார். வணக்கத்துக்குத் திரும்பிப் பார்க்காத காரணம் அவளுக்கு இப்போது புரிந்தது. நடைவழியில் எதிர்ப்படும்போதெல்லாம் அவள் அவருடைய இடது பக்கமாகத்தான் போய்க்கொண்டிருந்தாள். ஒரு வருடமாக அவரை மனதுக்குள் திட்டியதெல்லாம் வீண். திட்டியது போகட்டும். இந்தக் கேள்விகளுக்கு எது பதில்?

நிறுவனத்தில் வேலை செய்கிறவர்களுக்குத் தேடல் இலவசம். டாக்டரிடம் போகக் கூச்சப்பட்ட மனிதர், ஆளில்லாத நேரம் பார்த்துத் தானே தேடியிருக்கிறார். தேடியதெல்லாம் சில வாரம் கழித்து மார்க் போட வரும் என்பது அவருக்குத் தெரியாததல்ல. பயத்தில் மறந்திருப்பார்.

அவள் கட்டின் மிச்சத்தை ஒவ்வொன்றாகப் புரட்டினாள். தேவையான கட்டுரை நாலாம் பக்கத்தில் கிடந்தது. சில வருடங்களுக்கு முன் வந்த, அலங்காரமில்லாத கட்டுரை. ஒரு காதில் மட்டும் கேட்கும் திறன் குறைந்து, அதே காதில் இரைச்சலும் இருந்து, சத்தம் கேட்டும் சொல் விளங்காமல் போனால் தலையை ஸ்கேன் எடுத்துப் பார்த்துவிட வேண்டும். பெரும்பாலோருக்கு ஒன்றும் இருக்காது. ஒருசிலருக்குக் காது நரம்பில் கட்டி இருக்கலாம். புற்று அல்ல, மெதுவாக வளரும். சிறியதாக இருக்கும்போது கண்டுபிடித்தால் வழிகள் நிறைய, வளரவிட்டால் சிக்கல் என்று அதில் எழுதியிருந்தது. எழுதியவர்கள் எங்கேயும் "அடைப்பு" என்ற சொல்லைப் பயன்படுத்தவில்லை. "சமச்சீரற்ற செவித்திறன் இழப்பு" என்று எழுதியிருந்தார்கள். காது அடைக்கிறது என்று தட்டுகிற மனிதனும் சமச்சீரற்ற இழப்பு என்று எழுதுகிற மனிதனும் ஒன்றையே சொல்கிறார்கள் என்பது மென்பொருளுக்கு எட்டவில்லை. அதனால் திமிங்கிலம் முன்னால் வந்து, இது நாலாம் பக்கத்துக்குப் போய்விட்டது. நாலாம் பக்கத்துக்கு யாரும் வருவதில்லை. அவரும் வந்திருக்க மாட்டார்.

சந்தேகமில்லாமல் இதற்கு மூன்று. மருந்துக்கடையும் மூன்றுதான் போடுவார். ஒப்புதல் ஆகிவிடும். பல மாதம் கழித்து மென்பொருளைத் திருத்துவார்கள். கட்டுரை மேலே வரும். அதுவரை கட்டி, இருந்தால், காத்திருக்குமா?

வீட்டில் கணவரிடம் சொன்னாள். அவர் சட்டைக் கையில் இருந்த கிரீஸைத் தேய்த்துக்கொண்டே கேட்டார்.

"நேராப் போய்ச் சொல்லிட வேண்டியதுதானே?"

"என்னன்னு சொல்றது? நீங்க ரகசியமாத் தேடினதை நான் படிச்சேன்னா? வேலையே போயிடும். அதுகூடப் பரவாயில்ல. அந்த மனுஷன் வெக்கத்துல டாக்டர்கிட்டயும் போக மாட்டார்."

"மொட்டைக் கடுதாசி போடு."

"எங்க ஆபீஸ்ல மொட்டைக் கடுதாசி வந்தா, எழுதினது யாருன்னு கண்டுபிடிக்க அவரே ஒரு கமிட்டி போடுவார்."

"அப்ப எங்க லிப்டுக்கு அவரை அனுப்பி வை. நடுவுல நிறுத்திட்டு நான் பேசிப் பாக்கறேன்."

"உங்ககிட்ட வந்து சொன்னேன் பாருங்க" என்று அவள் எழுந்து போய்விட்டாள்.

யோசனை மறுநாள் அலுவலகத்தில்தான் வந்தது. மருந்துக்கடை, மூக்கடைப்புக் கட்டுரை ஒன்றைப் பற்றிப் புலம்பிக்கொண்டிருந்தார். "நீங்க பூஜ்யம், நான் ரெண்டு. போச்சுக்கா, பஞ்சாயத்துக்குப் போயிடுச்சு. இனிமே அவர் உக்காந்து முழுசாப் படிப்பாரு."

அவள் தன் திரைக்குத் திரும்பினாள். நாலாம் பக்கத்துக் கட்டுரையைத் திறந்தாள். வேலையில் சேர்ந்த நாளிலிருந்து அதைப் போலக் கச்சிதமாகப் பொருந்திய கட்டுரையை அவள் கண்டதில்லை. அதற்குப் பூஜ்யம் போட்டாள். போடும்போது விரல் கூசியது.

மாலையில் தீர்ப்பு வந்தது. "மூன்று. நன்றி." அவர் தலைப்பைப் பார்த்தே தீர்ப்பு சொல்லிவிட்டார். தலைப்பில் சமச்சீரற்ற இழப்பு இருந்ததே தவிர அவருடைய அடைப்பு இல்லை. அவருக்கு அது வெறும் காதுக் கட்டுரை. அதோடு, அது தம்முடைய கேள்வி என்பதைக்கூட அவர் கவனித்ததாகத் தெரியவில்லை. பஞ்சாயத்துத் திரையில் கேள்வி சின்ன எழுத்தில் ஓரமாக வரும்.

மார்க்குக்குக் கீழே காரணம் எழுத ஒரு பெட்டி உண்டு. யாரும் எழுதுவதில்லை. அவள் அந்தக் கேள்விக் கட்டிலிருந்து மிச்சக் கேள்விகளை எடுத்தாள். ஒவ்வொன்றிலும் அதே கட்டுரைக்குப் பூஜ்யம் போட்டு, காரணமும் எழுதினாள். "இரைச்சல் பற்றிக் கட்டுரையில் ஒரு வார்த்தையும் இல்லை." "சொல் புரியாமை பற்றி ஆசிரியர்கள் பேசவே இல்லை." "தள்ளாட்டம் எங்கே வருகிறது என்று தெரியவில்லை." "நோயாளி என்ன செய்ய வேண்டும் என்று கட்டுரை சொல்லவில்லை." எல்லாமே பச்சைப் பொய். ஒவ்வொரு பொய்யையும் உடைக்க வேண்டுமானால் ஒரு பத்தியைப் படித்தாக வேண்டும். தப்பான காரணத்தைப் பார்த்துவிட்டுச் சும்மா போகிற சுபாவம் அவருக்குக் கிடையாது என்பது அவளுக்கு நன்றாகத் தெரியும்.

மருந்துக்கடை தற்செயலாக எட்டிப் பார்த்துவிட்டார்.

"அக்கா, உடம்புக்கு ஏதாவது பண்ணுதா?"

"இல்லையே."

"இதுக்கா பூஜ்யம்? நானே யோசிக்காம மூணு போட்டேன்."

"எனக்குப் பொருத்தமாத் தெரியல."

அவர் மாத்திரைச் சீட்டைப் படிக்கிற மாதிரி அவள் முகத்தைக் கொஞ்ச நேரம் படித்தார். பிறகு தம் வேலையைப் பார்த்தார்.

மறுநாள் மதியம் மேற்பார்வையாளர் கதவைத் திறந்துகொண்டு நேராக அவள் மேசைக்கு வந்தார். அந்த அறையில் அவர் யார் மேசைக்கும் நடந்து வந்ததில்லை. எல்லாரையும் கூப்பிட்டுத்தான் பழக்கம். கையில் கட்டுரையின் அச்சுப் பிரதி. வரிகளுக்கு அடியில் சிவப்புக் கோடு. விசைப்பலகைச் சத்தமெல்லாம் ஒரே நேரத்தில் நின்றது.

அவள் எழுந்து, நாற்காலியைச் சுற்றிக்கொண்டு போய் அவருடைய வலது பக்கத்தில் நின்றாள்.

"நீங்க இந்தக் கட்டுரையைப் படிச்சீங்களா?" குரல் வழக்கம்போல அடுத்த மாடிவரை போனது.

"படிச்சேன் சார்."

"இரைச்சல் பத்தி ஒரு வார்த்தையும் இல்லேன்னு எழுதியிருக்கீங்க. ரெண்டாவது பத்தி முழுக்க இரைச்சல்தானே?"

"கவனிக்கல சார்."

"சொல் புரியாதது பத்தி மூணாவது பத்தியில இருக்கு!"

"அந்தப் பத்தி எனக்குப் புரியல சார்."

"புரியலையா? இதுல புரியறதுக்கு என்ன இருக்கு?"

"நீங்களே ஒரு தடவை படிச்சுக் காட்டினீங்கன்னா..."

அவர் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு படிக்க ஆரம்பித்தார். வகுப்பில் மக்குப் பையனுக்குப் படித்துக் காட்டுகிற தோரணை. "ஒரு காதில் மட்டும் படிப்படியாகக் கேட்கும் திறன் குறைந்து, குரல் கேட்டும் சொற்கள் தெளிவாக விளங்காத நிலையில்..." என்று உரக்கத்தான் போய்க்கொண்டிருந்தார். "இத்தகைய நோயாளிகள், குறைபாடு சிறிதாகத் தோன்றினாலும்..." என்ற இடத்தில் குரல் ஒரு படி இறங்கியது. "தாமதிக்காமல்" என்பதை மெதுவாகச் சொன்னார். அதற்குப் பிறகு உதடு மட்டும் அசைந்தது. மிச்சப் பத்தியைத் தமக்குள்ளேயே படித்து முடித்தார். காகிதத்தைத் திருப்பி, பின்பக்கம் ஒன்றுமில்லாததைப் பார்த்துவிட்டு, மறுபடி முன்பக்கம் திருப்பினார்.

"இது மூணு" என்றார். அந்தக் குரலை அலுவலகம் கேட்டு நெடுநாளாகியிருந்தது.

"சரி சார்."

"சந்தேகமே இல்லாம மூணு."

"மாத்திக்கறேன் சார்."

"நீங்க மாத்த முடியாது. தீர்ப்பு என்னோடது." காகிதத்தை நாலாக மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு போனார். போகும்போது மேசை விளிம்பைத் தொட்டுத் தொட்டு நடந்தார். அதை அவள் மட்டும்தான் பார்த்தாள்.

சாயங்காலத்துக்குள் அவளுக்கு ஒரு கடிதம் வந்தது. தயவுசெய்து அடுத்த வாரம் முழுவதும் புதியவர்களுக்கான பயிற்சியில் உட்காரவும். நகல்: பணியாளர் பிரிவுக்கு. மேற்பார்வையாளர் அதை அனுப்பிய கையோடு விடுப்பு விண்ணப்பத்தையும் அனுப்பிவிட்டுப் போயிருந்தார் என்பது மறுநாள் தெரிந்தது. காலர் பொத்தான் போடாமல் போனார் என்று வாசல் காவலாளி ஒரு தகவல் கொடுத்தார்.

பயிற்சி வகுப்பை நடத்தியது மருந்துக்கடை. அவருக்குத்தான் தர்மசங்கடம். புதிதாகச் சேர்ந்த பிள்ளைகளுக்கு நடுவே முதல் வரிசையில் உட்கார்ந்திருந்த அவளைப் பார்த்து, "மூணு... எப்போ போடணும்னா..." என்று இழுத்தார். "அக்கா, நீங்களே சொல்லிடுங்களேன்."

"நீங்க சொல்லுங்க. நான் கத்துக்கத்தான் வந்திருக்கேன்" என்றாள் அவள். சொன்னதை எழுதியும் கொண்டாள். வகுப்பு முடிவில் வைத்த தேர்வில் நல்ல மார்க் வாங்கினாள். முதல் மார்க் அல்ல. முதல் மார்க் வாங்கியவள் பல் மருத்துவம் படித்தவள்.

வாரங்கள் போயின. மேற்பார்வையாளரின் அறை பூட்டியே கிடந்தது. வேறு வேலை கிடைத்துவிட்டது என்றார்கள் சிலர். இந்த வயதில் கல்யாணம் என்றார்கள் வேறு சிலர். அதை நம்பவும் ஆளிருந்தது. அவள் வாயைத் திறக்கவில்லை. வீட்டில் மட்டும் ஓரிரு முறை, கையில் கரண்டியோடு அப்படியே நின்றுவிட்டாள். "ஆபீஸா?" என்று கணவர் கேட்டார். "ஒண்ணுமில்ல" என்றாள். வாரக் கடைசியில் அவர் அலமாரியைத் திறந்து சான்றிதழ்களை எடுத்து, சுவரில் ஆணி அடிக்க ஆரம்பித்தார். அடித்த முதல் ஆணியிலேயே சுண்ணாம்பு பெயர்ந்து விழுந்தது. இரண்டாவதை அடிக்க வேண்டாம் என்று அவளே சொல்லிவிட்டாள்.

மேற்பார்வையாளர் திரும்பி வந்தபோது மெலிந்திருந்தார். இடது காதுக்குப் பின்னால் முடி மழித்த இடத்தில் புது முடி முள்முள்ளாக முளைத்திருந்தது. இடது பக்க உதடு சிரிப்புக்குக் கொஞ்சம் தாமதமாக வந்து சேர்ந்தது. அவர் சிரிப்பவர் அல்லர் என்பதால் பலர் அதைக் கவனிக்கவில்லை. எல்லாரையும் கூட்டி நிறுத்தி, காது நரம்பில் சின்னக் கட்டி இருந்ததாகவும், எடுத்துவிட்டார்கள் என்றும், இடது காது இனிமேல் கேட்காது என்றும், ஆகவே பேச வருகிறவர்கள் வலது பக்கம் வரவேண்டும் என்றும் சொன்னார். சாதாரணக் குரலில்தான் சொன்னார். கடைசி வரிசையில் இருந்தவர்களுக்குக் கேட்கவில்லை. "சார், கொஞ்சம் சத்தமா..." என்றார்கள். அப்படி ஒரு வேண்டுகோள் அங்கே எழுந்தது அதுவே முதல்முறை.

அன்று காபி இயந்திரத்தருகே அவர் அவளிடம் வந்தார். அவள் தம் வலது பக்கம் இருக்கும்படி நின்றுகொண்டார்.

"நீங்க விலங்கியல் முதுகலைதானே?"

"ஆமா சார்."

"அந்த மூணாவது பத்தி உங்களுக்குப் புரியலேன்னு சொன்னீங்க."

"அன்னிக்குப் புரியல சார்."

"இப்போ?"

"இப்போ புரியுது சார்."

அவர் காபியை ஒரு வாய் குடித்தார். சூடு அதிகம் போலிருக்கிறது. கண்ணில் நீர் கட்டியது. கண்ணாடியைக் கழற்றிக் கைக்குட்டையால் துடைத்துவிட்டு மாட்டிக்கொண்டார்.

"அப்போ பயிற்சி வேலை செஞ்சிருக்கு" என்றார்.

"ஆமா சார்."

அத்தோடு அந்தப் பேச்சு முடிந்தது. பிறகும் அவர்கள் அதைப் பற்றிப் பேசிக்கொள்ளவில்லை.

அந்த வருட எடையில் அவள் கீழே இறங்கிப் போயிருந்தாள். காது சம்பந்தப்பட்ட பஞ்சாயத்துகளில் வரிசையாகத் தோற்றிருந்ததால் வேறு வழியில்லை. தீர்ப்பைத் திருத்த விதியில் இடமில்லை, மேற்பார்வையாளரும் விதியில் கைவைக்கிறவர் இல்லை. முதலிடம் மருந்துக்கடைக்குப் போனது. அவர் சான்றிதழை வாங்கிக்கொண்டு வந்து, என்ன செய்வதென்று தெரியாமல், திரைக்குப் பின்னால் சாய்த்துவைத்தார். "உங்களுக்கு வரவேண்டியதுக்கா" என்றார். "நீங்க கரெக்டாத்தான் மூணு போட்டீங்க" என்றாள்.

மென்பொருளைத் திருத்தி வெளியிட்டபோது அவர்களுக்குப் பல் கேள்விகள் வந்துகொண்டிருந்தன. மதிய இடைவேளையில் அவள் சாப்பாட்டு டப்பாவைத் திறக்காமல், பொதுத் தேடல் பக்கத்தைத் திறந்து, "இடது காதில் அடைப்பு" என்று தட்டிப் பார்த்தாள். அந்தக் கட்டுரை முதல் பக்கத்திலேயே நின்றது, மேலிருந்து மூன்றாவதாக. அதற்கு மேலே இருந்த இரண்டும் பரவாயில்லாத கட்டுரைகள்தான். ஒன்றை அவள் அந்த இடத்தில் வைத்திருக்க மாட்டாள்.

"என்னக்கா தேடறீங்க?" என்று மருந்துக்கடை கேட்டார்.

"சும்மா" என்று பக்கத்தை மூடிவிட்டு, அவள் டப்பாவைத் திறந்தாள்.